நெஞ்சுப் படத்துக்கு ஓர் அழைப்பிதழ்

1

சென்ற கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. ஆடு குட்டி போட்டது, கிணறு வற்றியது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், 'நீ பாரிசில் டொக்டராக இருக்கிறாய் என்று சங்கக்கடை வரிசையில் கதைக்கிறார்கள். பெற்ற தாய்க்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? சித்தப்பாவின் முழங்காலுக்கு நல்ல குளிசை அனுப்பவும்' என்று முடித்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் நான் அனுப்பிய ஒரு புகைப்படம்தான் காரணம். பெரிய மருத்துவ வண்டி ஒன்றின் படியில், வெள்ளை உடுப்புப் போட்ட பெண்மணிக்குப் பக்கத்தில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நான் நிற்கிறேன். படத்தின் பின்னால் விளக்கம் எழுதாதது என் பிழை.

ஆகவே ஊரவர்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. எட்டாம் வகுப்பு இரண்டாம் தவணையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லா சப்பலுக்குக் கிட்ட ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். அந்த வண்டியில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம், வெளியில் நின்று "விடுங்கோ!" என்று கத்துவது. அந்தப் பதவி எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். சித்தப்பா அதுவரைக்கும் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசட்டும்.

2

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. காலையில் நாக்கைக் கண்ணாடியில் பார்க்காமல் பல் விளக்கமாட்டேன். மூக்கு ஒழுகினால் மூளைதான் கரைகிறதோ என்று யோசிப்பேன். போன வருசம், எங்கள் தெரு முனையில் இருந்த இலவச மருத்துவ நிலையத்துக்கு ஒரே மாதத்தில் ஐந்து முறை போனேன். முதல் முறை காது. இரண்டாம் முறை மற்றக் காது. ஐந்தாம் முறை எதற்குப் போனேன் என்பது வாசலில் மறந்துபோய், அந்த மறதியைக் காட்டவே உள்ளே போனேன்.

அங்கே மதாம் ஒடில் என்று ஒரு தாதி. குள்ளமான மனுசி, சிரித்தால் கதிரை ஆடும். அன்றைக்கு அவருக்கு மொழிபெயர்க்க முசியே அமலோர் வந்திருந்தார். பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாண்டிச்சேரிக்காரர். பாட்டன் காலத்திலேயே பிரெஞ்சுக்காரர் ஆகிவிட்டவர் என்பதை ஒரு நாளைக்கு மூன்று தரமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

"தம்பி, மதாம் ஒண்ணு கேக்கறாங்க. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் நீ வந்துடறே. ஒங்க ஆளுங்க மத்தவங்க என்னா வந்தாலும் வர மாட்றாங்களே, அது ஏன்?"

"பயம்" என்றேன்.

"ஒனக்குப் பயமில்லியா?"

"எனக்கும் பயம்தான். பயத்திலைதான் வாறன்."

மதாமின் கதிரை ஆடியது. பிறகு விசயத்தைச் சொன்னார். மூன்று கிழமையில், ஒரு சனிக்கிழமை, நெஞ்சுப் படம் எடுக்கிற எக்ஸ்ரே வண்டி ஒன்று எங்கள் தெருவுக்கு வரும். ஒரே ஒரு நாள். நெருக்கமான அறைகளில் சயம், அதாவது காசநோய், பரவுகிறது, வேளைக்கே கண்டுபிடித்தால் குளிசையோடு மாறிவிடும். ஆனால் தமிழ் ஆட்களை அந்த வண்டிப் படியில் ஏற்றுவது எப்படி? அவரிடம் பிரெஞ்சில் அச்சடித்த விளம்பரம் ஒன்று இருந்தது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்வெளியில் நிற்கிறது: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். எல்லோரும் சிரிக்கிறார்கள், நாய் உட்பட.

அதை எங்கள் அறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்போது எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்தோம், ஏழாம் மாடி, ஏறி வருகிறவன் கூரையில் தலையை இடித்துத்தான் வணக்கம் சொல்வான். கருவேப்பிலை வாங்கப் போனாலும் கருத்துச் சொல்லிவிட்டு வருகிற செல்வம் படத்தை உற்றுப் பார்த்தான்.

"இது நாய் வைச்சிருக்கிற ஆக்களுக்கு" என்று திருப்பித் தந்துவிட்டான்.

3

நான் இதில் இவ்வளவு அக்கறை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் அன்ரன் அண்ணை.

மன்னார்க்காரர், நாற்பது வயது, அறையில் மூத்தவர். என் பாய்க்கு அடுத்த பாய் அவருடையது. இரண்டு மாதமாக இருமினார். மற்றவர்களுக்குக் கேட்காமல் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமுவார். தலையணையும் சேர்ந்து இருமுவதுபோல இருக்கும். உடுப்புகள் அவர் மேலே மாட்டித் தொங்கவிட்டதுபோல ஆகிக்கொண்டு வந்தன. நான் சத்தமில்லாமல் தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுத்தேன். அவர் அதைக் கண்டுவிட்டார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் படுத்தேன், ஆனால் தலையைத் திருப்பவில்லை.

"அண்ணை, மதாமிட்டை ஒருக்கால் வாங்கோவன்."

"தடிமனடா, வெறும் சளி. இந்த நாட்டுக் குளிர் தடிமன் அப்பிடித்தான்."

"ரெண்டு மாசமாயோ?"

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மனுசியையும் பிள்ளையையும் கூப்பிடப் பப்பியே போட்டிருக்கிறன். நெஞ்சிலை புள்ளி எண்டு ஆராவது எழுதிப்போட்டால் கதவைச் சாத்திப்போடுவாங்கள். அவையள் வரட்டும். பிறகு நான் எவ்வளவும் இருமுறன்."

பப்பியே என்றால் கடுதாசிதான். ஆனால் இங்கே எங்கள் தலையெழுத்தும் அதுதான். ஒரு கடுதாசிக்குப் பயந்து ஒருவர் மூச்சுப்பையை ஒளித்து வைத்திருந்தார். மதாமிடம் போய், படம் அகதிக் கந்தோருக்குப் போகுமா என்று கேட்டேன். வைத்தியரின் வாய் பூட்டிய வாய், யாருக்கும் போகாது என்றார். அதை அன்ரன் அண்ணையிடம் சொன்னேன்.

"அவ சொல்லுவா. பூட்டெண்டு இருந்தால் திறப்பெண்டும் ஒண்டு இருக்கும்தானே?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவரை எப்படியாவது அந்த வண்டியில் ஏற்றவேண்டும். எனக்கு வேறு எந்தக் காரணமும் தேவையாக இருக்கவில்லை.

4

முதல் விளம்பரத்தை நானே எழுதினேன். என்னை அசைப்பது பயம், ஆகவே எல்லோரையும் பயம் அசைக்கும் என்று நினைத்தேன். 'இருமுகிறீர்களா? இன்னும் எத்தனை நாள்?' என்று பெரிய எழுத்தில். வீட்டில் கறுப்பு மை மட்டும் இருந்ததால் வடிவுக்குச் சுற்றிவரக் கறுப்புக் கரை போட்டேன். அமலோரின் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது கடை வாசலில் முப்பது பேர் தலை குனிந்து நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றியிருந்தார். கறுப்புக் கரையைத் தூரத்தில் கண்டதுமே எங்கள் சனத்துக்கு மிச்சம் வாசிக்கத் தேவைப்படவில்லை.

"ஆர் மோனே தவறினது?"

"பேர் போடேல்லை. எந்த ஊராம்?"

"இருமி இருமித்தான் செத்ததாம். பாவம், கலியாணம் கட்டாதவனாம்."

இந்தக் கடைசி விபரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருத்தர் லா கூர்னெவிலிருந்து ரயில் பிடித்து மலர்வளையத்தோடு வந்துவிட்டார். அதை வைக்க இடமில்லாமல் அமலோரின் வெங்காய மூட்டையில் சாத்திவிட்டுப் போனார். அமலோர் என்னைப் பார்த்த பார்வையில் நானே இரண்டாம் விளம்பரமாகத் தொங்கியிருப்பேன்.

"வியாபாரம் பண்ற எடத்துல சாவு நோட்டீசா? கிழிடா மொதல்ல!"

மதாமிடம் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு சொன்னார்: "எதைச் சொல்வது என்று நினைக்காதே. யாருக்குச் சொல்கிறாய் என்று நினை." அமலோர் மொழிபெயர்த்துவிட்டு, "இதை நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

இரண்டாவது விளம்பரத்தில் எழுத்தைக் குறைத்தேன். நல்ல ஊதா மை வாங்கி இரண்டு நுரையீரல் வரைந்து, கீழே 'சனிக்கிழமை மட்டும், இலவசம்' என்று எழுதினேன். வாசலில் மறுபடியும் சனம். எல்லோர் கையிலும் பை. ஓல்னே-சூ-புவாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண், தாய் தமிழில் கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில் சொன்னாள்: "ஒபெர்ஜின், மமோன்." கத்தரிக்காயாம். தாய் என்னிடம் திரும்பி, "எத்தினை கிலோ மட்டிலும் இலவசம் தம்பி?" என்றா.

5

மூன்றாவது யோசனை கோப்பை கழுவும்போது வந்தது. செல்வம் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டே சொந்த மச்சானின் கலியாணத்துக்கு ஏன் போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"கலியாணக் காட்டைத் தபாலிலை அனுப்பிறான். நேரை வந்து சொல்லேல்லை. நான் என்ன ரோட்டிலை போறவனோ?"

என் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. சுவரில் ஒட்டி ஊரையே கூப்பிட்டால் யாரையும் கூப்பிடவில்லை என்றுதானே எங்களுக்குள் அர்த்தம்! பெயர் எழுதி, வீடு தேடிப்போய், கையில் கொடுத்து, "கட்டாயம் வரவேணும்" என்று இரண்டு தரம் சொன்னால்தான் அழைப்பு. அப்படி அழைத்தபின் வராவிட்டால் அது பகை.

கடுதாசி மட்டை வாங்கி எழுதினேன். 'சனிக்கிழமை காலை பத்து மணி தொடக்கம் வரும் சுபவேளையில், தங்களுடைய நெஞ்சுப் படம் எடுப்பதாய் இறைவன் திருவருள் கூடியிருப்பதால், தாங்கள் தங்கள் அறை நண்பர்கள் சகிதம் வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம்.' சைவ ஆட்களுக்கு மேலே பிள்ளையார் சுழி. வேதக்கார ஆட்களுக்குச் சிலுவை. அடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரி: 'பப்பியே எதுவும் கொண்டுவரத் தேவையில்லை.' எனக்குத் தெரிந்த மட்டில் மற்ற எல்லா வரியையும்விட அந்த வரியைத்தான் சனம் இரண்டு தரம் வாசித்தது.

முசியே அமலோருக்குத் தனி மட்டை. அவர், "அகதிங்க வியாதி அது, எங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய மட்டையில் 'தலைமை தாங்கி முதலாவது படத்தை எடுத்து வைபவத்தை ஆரம்பித்து வைப்பவர்' என்று எழுதினேன். வாசித்துவிட்டு, அன்றைக்குக் கடை பூட்டு என்றார்.

இனி அழைப்பவர் பெயர் வேண்டும். அங்கேதான் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். எழுபது மட்டையும் கொடுத்து முடிந்தபிறகு ஒன்று அன்ரன் அண்ணையின் கையில் அகப்பட்டது. 'தங்கள் நல்வரவை நாடும், மன்னார் அன்ரன்.'

"டேய்! ஆரைக் கேட்டு என்ரை பேரைப் போட்டனீ?"

"பெரியாள் ஒராளின்ரை பேர் வேணும் அண்ணை. இருபத்திமூண்டு வயதுப் பெடியன் கூப்பிட்டு ஆர் வருவினம்?"

"கொப்பரின்ரை பேரைப் போடுறதுதானே!"

"அப்பா செத்துப் பத்து வருசம். செத்தவர் கூப்பிட்டு ஆர் வருவினம்?"

அவர் கோபத்தில் இருமினார், இருமலில் கோபம் மறந்துபோனது. "அழைச்சாச்சு. இனி வாசலிலை நிக்கத்தான் வேணும்" என்றார். "ஆனால் நிக்கிறது மட்டும்தான். ஏறமாட்டன், சொல்லிப்போட்டன்."

6

சனிக்கிழமை பத்து மணிக்கு மெற்றோப் பாலத்துக்குக் கீழே சனம் நிறைந்துவிட்டது. வில்லியே லே பெல்லிலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. பெண்கள் சேலை, நகை. மதாம் ஒடிலுக்கு முதல் அரை மணித்தியாலத்தில் இரண்டு சுவர்க்கடிகாரமும் ஒரு தேநீர்ச் செட்டும் பரிசாகக் கிடைத்தன. யாரோ ஒரு அக்கா தட்டு நிறைய மீன் ரோல்ஸ் கொண்டுவந்து வண்டிச் சாரதியிடம் நீட்டினா. அந்த மனுசன் ஆறு சாப்பிட்டுவிட்டு, இந்த வண்டி ஒவ்வொரு கிழமையும் இங்கே வரலாமா என்று கேட்டான்.

எங்கள் அறைக்குப் பொதுவாக ஒரு கோட்டு இருந்தது; ஊருக்குப் படம் பிடித்து அனுப்ப வாங்கியது. வைபவத்துக்குக் கோட்டு இல்லாமல் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆகவே ஒருவன் கோட்டோடு படியேறுவான், உள்ளே போய்ச் சேட்டு உட்படக் கழற்றுவான், படம் எடுத்ததும் இறங்கி வந்து கோட்டை அடுத்தவனுக்குப் போட்டுவிடுவான். ஒரே கோட்டு ஆறு தரம் வருவதைப் பார்த்த மதாம், இது தமிழ் ஆட்களின் வழிபாட்டு உடையா என்று அமலோரிடம் கேட்டார். அமலோர் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

எக்ஸ்ரே எடுக்கிறவருக்கு மூன்று தமிழ்ச் சொல்லைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்: இழுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ. முதல் இரண்டையும் அழகாகச் சொன்னார். மூன்றாவதை மறந்துவிட்டார். சொன்ன சொல் கேட்கிற பிள்ளையாகச் செல்வம் மூச்சைப் பிடித்தபடியே நின்றான். படம் எடுத்து முடிந்து, அடுத்த ஆளையும் கூப்பிட்ட பிறகும் நின்றான். கண் பிதுங்கி வெளியில் வந்தவனைப் பார்த்து நான் "விடடா!" என்று கத்தியபிறகுதான் ஆள் பிழைத்தான். அப்போதிருந்து மாலை வரைக்கும் படிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் "விடுங்கோ!" சொல்வது என் உத்தியோகம். ஊரில் டொக்டர் என்று பெயரெடுத்துத் தந்த படம் அப்போது எடுத்ததுதான். கோட்டு என் முறைக்கு வந்திருந்தது.

அன்ரன் அண்ணை ஒரு தட்டில் கற்கண்டும் பன்னீர்ச் செம்புமாக வாசலில் நின்றார். "வாங்கோ வாங்கோ, ஒண்டும் நோகாது, பப்பியே ஒண்டும் கேக்கமாட்டினம்." அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள், அவரைத் தவிர. இருமல் வந்தால் திரும்பி நின்று பன்னீரை ஆட்டினார்.

"நீர் எடுத்தாச்சோ?" என்று யாராவது கேட்டால், "வீட்டுக்காரர் கடைசிப் பந்தி" என்றார். அந்தப் பதிலை எதிர்க்க ஆளில்லை.

நாலு மணிக்கு வரிசை முடிந்தது. மதாம் கதவைச் சாத்தக் கையை வைத்தார்.

"அண்ணை, கடைசிப் பந்தி."

"கொஞ்சம் பொறு. ஆரும் வந்தாலும்."

"ஒருத்தரும் இல்லை. நீங்கள்தான்."

அவர் தட்டைக் கீழே வைக்கவில்லை. அப்போது ரோல்ஸ் கொண்டுவந்த அக்கா தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வைத்தா: "என்ன அன்ரன், எங்களைக் கூப்பிட்டு எடுப்பிச்சுப்போட்டு நீர் எடுக்கேல்லையோ? சமைச்சவன் தொடாத சாப்பாடு! அப்ப இதிலை என்னவோ இருக்கு. வாங்கோப்பா, எங்கடை பேருகளை வெட்டச் சொல்லுவம்!"

ஐம்பது அறுபது பேர் திரும்பினார்கள். அன்ரன் அண்ணையின் முகம் வேர்த்தது. ஏறினால் மனுசி பிள்ளையின் பயணம். ஏறாவிட்டால் தன்னை நம்பி வந்த இவ்வளவு சனம். அவர் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "நீ எடுத்தனீயோ?"

ஐந்து முறை மருத்துவ நிலையம் போனவன் நான். ஆனால் அன்றைக்கு முழுக்க "விடுங்கோ" சொல்கிற சாட்டில் ஏறாமல் தப்பிக்கொண்டு நின்றேன். எனக்குச் சோதனை வேண்டாம். "ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் போதும். வண்டி அப்படிச் சொல்லாமல் விட்டாலும் விடலாம்.

"இல்லை அண்ணை. பயம்."

அவர் முதல் தடவையாக அன்றைக்குச் சிரித்தார். "சரி, வா. வீட்டுக்காரர் ரெண்டு பேரும் ஒண்டாய் இருப்பம்." தட்டைச் செல்வத்திடம் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் ஏறினார். அவருக்கு "விடுங்கோ" சொல்லத் தேவைப்படவில்லை. பிடிக்கச் சொன்ன மூச்சு பாதியிலேயே வெடித்து, வண்டியே இருமியது. மதாம் சிரிக்கவில்லை. இரண்டாம் தரம் எடுக்கச் சொன்னார்.

7

எனக்கு ஒன்றுமில்லை. அன்ரன் அண்ணைக்குச் சயம். நகருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள், பிறகு பல மாதம் குளிசை. எந்தக் கந்தோரும் எதையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பாற்கட்டி சாப்பிட்டுச் சாப்பிட்டு ஆளுக்குக் கன்னம் வந்தது.

அவருடைய மனுசி ரெஜினா அக்காவும் மகளும் போன மாதம் வந்து சேர்ந்தார்கள். வில்லியே லே பெல்லில் இரண்டு அறை வீடு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வாசலிலேயே என் கையைப் பிடித்து, "தம்பி, அவவுக்கு ஒண்டும் தெரியாது. இருமல் கதை வாயிலை வரப்படாது" என்றார். இவ்வளவு பேருக்கு விதவிதமாகச் சொல்லப் பழகிய நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமலிருக்கப் பழகினேன். மழையைப் பற்றியே மூன்று தரம் கதைத்தேன்.

சோறு போட்டுக்கொண்டே அக்கா சொன்னா: "இவர் கடிதம் எழுதமாட்டார், கசெற்றிலை கதைச்சுத்தான் அனுப்புவார். ஒரு பக்கத்திலை பதினேழு தரம் இருமல். எண்ணினனான். 'இஞ்சை ஒரு குறையும் இல்லை ரெஜினா,' லொக்கு லொக்கு. இதுக்குள்ளை என்னையும் வாவெண்டு கூப்பிடுறார். வருத்தக்காரனைப் பாக்கவோ பிள்ளையையும் கொண்டு போறதெண்டு, பப்பியே கிடைச்ச பிறகும் ரெண்டு மாசம் அசையாமல் இருந்தனான்."

அன்ரன் அண்ணையின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"பேந்து ஒரு கசெற் வந்தது. முழுப் பக்கமும் கேட்டன். ஒரு இருமல் இல்லை. திருப்பிப் போட்டும் கேட்டன். அண்டைக்குத்தான் பெட்டியை அடுக்கினனான்."

"உனக்குத் தெரியுமெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றார் அன்ரன் அண்ணை.

"நீங்கள் சொன்னனீங்களோ?"

அவர் தலையைக் குனிந்து கறி கேட்டார். அக்கா நிறையப் போட்டா. எனக்கும் போடவந்த கரண்டி பாதி வழியில் நின்றது. என் தொண்டையை உற்றுப் பார்த்தா.

"எல்லாக் கசெற்றிலையும் பின்னாலை ஒராள் விடாமல் செருமிக்கொண்டிருக்கும். இவற்றை இருமல் நிண்ட பிறகும் அது நிக்கேல்லை. அது நீங்களோ, தம்பி?"

திங்கட்கிழமை மதாம் ஒடில் வந்து கதவு திறக்கும்போது வரிசையில் நான்தான் முதல் ஆள்.